கரையாது

பெட்டி வந்து சேரவில்லை.
மாட்ரிட்டில் இருக்கலாம், பொகோட்டாவிலும் இருக்கலாம்;
கவுன்டர்ப் பெண் இரண்டு ஊரையும்
ஒரே புன்னகையில் முடித்துவிட்டாள்.
படிவத்தில் நிறம் என்ற கட்டத்தில் கறுப்பு என்று எழுதினேன்.
எழுதும்போதே தெரிந்தது,
உலகத்தில் பாதிப் பெட்டிகள் கறுப்பு.

இருபத்தொன்பது மணி நேரம்.
மூன்று முறை இரவுச் சாப்பாடு தந்தார்கள்,
இரவை ஒருமுறைதான் தந்தார்கள்.
இறங்கிய பிறகும் முழங்கால்கள்
முன்சீட்டின் முதுகை விட்டு வரவில்லை.

டாக்சிக்காரர் பெயர் வெலிங்டன்.
நிஜமாகவா என்றேன்,
தெரிந்த நாற்பது ஸ்பானியச் சொற்களில் ஒன்றைச் செலவழித்து.
வீட்டில் ஒன்பதாவது பிள்ளை;
அவர் முறை வந்தபோது புனிதர்கள் தீர்ந்துவிட்டார்களாம்.
பள்ளத்தாக்குப் பாலத்தில்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து
அதோ கயாம்பே, அதோ கோட்டோபாக்சி என்று
வெறும் மேகங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்.
பார்த்துவிட்டதாகத் தலையாட்டினேன்.
சந்தோஷப்பட்டார்.

விடுதியில் கட்டிலின் பக்கம் திரும்பவில்லை.
திரும்பினால் அவ்வளவுதான்.
முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, அதே சட்டையில்,
பழைய கித்தோவுக்குள் இறங்கினேன்.
இறங்கினேன் என்பது பேச்சுக்கு.
இந்த ஊரில் எந்தத் தெருவும் ஏறத்தான் செய்கிறது,
திரும்பி வரும்போதும்.

பத்தடிக்கு ஒருமுறை மூச்சு மக்கர் செய்தது.
வெட்கத்தை மறைக்க
சுவரை ரசிப்பவள் போல் நின்றேன்.
ரசிக்கவும் வேண்டியதாயிற்று:
காரை பெயர்ந்த இடத்தில் மண்கல்,
மண்கல்லில் என்றைக்கோ மிதித்துக் குழைத்த வைக்கோல்.
இரும்பு பால்கனியில் ஜெரேனியத் தொட்டிகளுக்கு நடுவே
ஒற்றைப் பள்ளிக்கூடக் காலுறை.
குழந்தை இயேசுவுக்கு உடுப்புத் தைக்கும் கடை;
கண்ணாடிக்குள் சாண் நீளத்தில் டாக்டர் கோட்டு,
போலீஸ் தொப்பி, மஞ்சள் காற்பந்துச் சட்டை.
தையல்காரி ஊசி கோத்தபடி
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
ஆமாம் அம்மா,
என்னைவிட அவரிடம் துணி அதிகம்.

மேட்டில் பெரிய பசிலிக்கா.
கூரை விளிம்பில் பூதங்களுக்குப் பதில்
ஆமை, பேரோணான், எறும்புதின்னி.
இன்னும் கட்டி முடியவில்லை;
முடிகிற அன்றைக்கு உலகம் முடியும் என்று இங்கே பேச்சு.
ஏணியடியில் ஒரு கொத்தனார் உட்கார்ந்து
அவசரமே இல்லாமல்
வறுத்த சோளம் கொறித்துக்கொண்டிருந்தார்.

பொன் தேவாலயத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன்.
தூண், கூரை, தேவதையின் கன்னம், எல்லாம் பொன்.
கண் கூசியதா செருகியதா தெரியவில்லை.
தூணின் அடியில் ஓரிடத்தில் மட்டும்
தகடு உரிந்து செம்மண் தெரிந்தது.
அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காவலர் தோளைத் தொட்டார்.
பலகையைக் காட்டினேன்: படம் எடுக்கக் கூடாது.
தூங்குவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
சிரித்தார்.
விமானத்தில் வருகிறவர்கள் எல்லோரும்
இந்தப் பெஞ்சில்தான் தூங்குகிறார்களாம்.
பூட்டும் நேரமாகிவிட்டது, அதனால்தான் எழுப்பினாராம்.

சதுக்கத்தில் சோய்லா டோவாபாண்டா
அலுமினியத் தாம்பாளத்தில்
இளஞ்சிவப்பாய் ஒரு குன்று வைத்திருந்தாள்.
கூம்பில் அள்ளி, கருநிறப் பழப்பாகு ஊற்றித் தந்தாள்.
ஐஸ்கிரீம் என்று நினைத்து
உருகுமுன் தின்றுவிடும் அவசரத்தில்
ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நக்கினேன்.
ஒரு சொட்டும் விழவில்லை.
அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
கொய்யாவும் முட்டை வெள்ளையும் சீனியும்.
குளிர்ச்சியே கிடையாது.
கரையாது, மெதுவாகத் தின்னு என்றாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது.
தாம்பாளத்தைப் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு
குடைக்குள் எனக்கும் இடம் விட்டாள்.
எந்த ஊர் என்றாள்.
சொன்ன பெயர் அவளுக்குப் பிடிபடவில்லை.
கீழே கல்தளத்தைக் காட்டினேன்,
பூமிக்கு அந்தப் பக்கம்.
ஈரக் கல்லைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

அங்கே இப்போது மணி?
இரண்டரை. நடுராத்திரி.
அப்படியானால் எல்லோரும் தூங்குவார்களே என்று
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.